கவுன்டரில் கேட்கும் முதல் கேள்வி: பெண்களும் பால்வினை நோய்ப் பரிசோதனையும்

"என்ன பிரச்சினைக்காக வந்திருக்கீங்க?" கவுன்டரில் இருப்பவர் கேட்கிறார். கேள்வியில் தப்பில்லை, எந்த டாக்டரிடம் அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதால் சத்தமாகத்தான் கேட்கிறார். பதிலையும் சத்தமாகத்தான் சொல்லியாக வேண்டும். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வந்த பெண் ஒரு நொடி தயங்கிவிட்டு, "அடிவயிறு வலி" என்கிறாள். பொதுப் பிரிவுக்குச் சீட்டு தருகிறார்கள். ஸ்கேன் எடுக்கிறார்கள். அதில் ஒன்றும் இல்லை. வலி மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்புகிறாள். எதற்காக வந்தாளோ அது மட்டும் நடக்கவில்லை.

ரகசியம் காப்பது என்றால் ரிப்போர்ட்டைப் பூட்டி வைப்பது என்றுதான் பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறோம். அது கடைசிக் கட்டம். ரகசியம் உடைவது பெரும்பாலும் அதற்கு வெகு முன்னாலேயே, இப்படி ஒரு கவுன்டரில். உடைத்தவருக்கே அது தெரிந்திருக்காது. மருத்துவமனைகள் ரகசியத்தை நோயாளிக்குக் காட்டும் மரியாதையாக எண்ணிக்கொள்கின்றன. என் கணக்கில் அது ஊசி, சோதனைக்குழாய் போல இந்தப் பரிசோதனைக்கு வேண்டிய ஒரு கருவி. அது பழுதானால் லேபுக்குச் சாம்பிளே வந்து சேராது. மற்ற நோய்களைவிட இதில் ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது என்று கேட்டால், இந்த நோய்கள் பெண்ணின் உடலில் நடந்துகொள்ளும் விதத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

சத்தம் போடாத நோய்கள்

காய்ச்சல் வந்தால் உடல் கொதிக்கிறது, எலும்பு முறிந்தால் வலி தாங்க முடிவதில்லை. யார் பார்த்தால் என்ன என்று மருத்துவமனைக்கு ஓடுகிறோம். கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று அப்படி இல்லை. தொற்று உள்ள பெண்களில் பத்துக்கு ஏழு பேராவது எந்த அறிகுறியையும் உணர்வதில்லை. கொனோரியாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியும் பெரும்பாலோருக்குள் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். சிபிலிஸ் முதலில் ஒரு புண்ணாக வருகிறது. ஆனால் அந்தப் புண் வலிக்காது, மூன்று முதல் ஆறு வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆணுக்கு அது கண்ணில் படும் இடத்தில் வர வாய்ப்பு அதிகம். பெண்ணுக்குக் கருப்பை வாயிலோ பிறப்புறுப்பின் உட்சுவரிலோ வந்தால் யார் பார்ப்பது? புண் ஆறியதும் நோய் போய்விட்டதென்று அர்த்தம் இல்லை. கிருமி ரத்தத்தில் ஏறி, பல ஆண்டுகள் கழித்து நரம்பையும் இதயத்தையும் தொடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களிடையே இந்த நான்கு தொற்றுகளும் சேர்ந்து சுமார் 37.4 கோடி முறை புதிதாக ஏற்பட்டிருக்கின்றன. ஒரு நாளைக்குப் பத்து லட்சத்துக்கு மேல். நான்குமே மருந்தால் முழுதாகக் குணமாகக் கூடியவை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கவனிக்காமல் விட்டால் கிளமிடியாவும் கொனோரியாவும் கருப்பை வாயிலிருந்து மெல்ல மேலே ஏறுகின்றன. கருப்பை, கருக்குழாய், சூலகம் என்று அழற்சி பரவும். இடுப்புக்குழி அழற்சி என்று பெயர். சிகிச்சை பெறாத கிளமிடியா பத்துப் பேரில் ஒருவரையாவது இந்த நிலைக்குக் கொண்டுபோகும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அழற்சி ஆறும்போது தழும்பு விழுகிறது. கருக்குழாயின் உட்புறம் நூல் நுழையும் அளவுதான். அதில் தழும்பு விழுந்தால் வழி அடைபடும், அல்லது பாதி அடைபடும். முழுதாக அடைபட்டால் கரு தரிக்காது. பாதி அடைபட்டால் இன்னும் மோசம், கருவுற்ற முட்டை கருப்பைக்கு வந்து சேர முடியாமல் குழாயிலேயே தங்கி வளரத் தொடங்கும். அது உயிருக்கே ஆபத்து. முப்பது வயதில் "ஏன் குழந்தை தங்கவில்லை" என்று அலையும் ஒருவரின் பிரச்சினை, இருபதில் சத்தமில்லாமல் வந்துபோன ஒரு தொற்றில் தொடங்கியிருக்கலாம்.

ஆக, உடம்பு கூப்பிட்டு இந்தப் பரிசோதனைக்குப் பெரும்பாலோர் வருவதில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. "எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்ற மெல்லிய எண்ணம் மட்டும்தான் ஒரு பெண்ணை அந்தக் கவுன்டர்வரை நடத்திக்கொண்டு வருகிறது. "யாராவது பார்த்துவிட்டால்?" என்ற பயத்தின் எடைக்கு முன்னால் அந்த எண்ணம் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்?

பெயரிலேயே ஒரு தீர்ப்பு

தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரையே பாருங்கள். பால்வினை நோய். 'வினை' என்ற சொல்லுக்குச் செயல் என்றுதான் அகராதி பொருள் சொல்லும். ஆனால் காதில் விழும்போது 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்றுதான் கேட்கிறது. சளி பிடித்தவரை யாரும் 'மூச்சுவினை' செய்தவர் என்று சொல்வதில்லை. இப்போது மருத்துவர்கள் 'நோய்' என்பதைக் குறைத்து 'பாலியல் தொற்று' என்று சொல்லப் பார்க்கிறார்கள். காரணம் வெறும் நாகரிகம் இல்லை. தொற்று இருந்தும் நோயாக வெளிப்படாதவர்களே அதிகம் என்பதால் அதுதான் சரியான சொல்லும்கூட.

சொல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை, சட்டமாகவும் வந்திருக்கிறது. 1864ல் பிரிட்டன் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ராணுவ முகாம்களும் துறைமுகங்களும் உள்ள ஊர்களில், பாலியல் தொழில் செய்பவர் என்று போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்தால் போதும், அந்தப் பெண்ணைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம். தொற்று இருந்தால் மருத்துவமனையில் அடைத்து வைக்கலாம். அடைத்து வைக்கும் காலம் 1864ல் மூன்று மாதம். 1869ல் ஒன்பது மாதம் ஆயிற்று. யாருக்காக இந்தச் சட்டம்? படைவீரர்களின் உடல்நலத்துக்காக. அந்தப் படைவீரர்களை இந்தச் சட்டம் பரிசோதிக்கவில்லை. ஜோசஃபின் பட்லர் என்ற பெண்மணியின் தலைமையில் நடந்த நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1886ல் சட்டம் ரத்தானது. அப்புறமும் பாடம் எல்லோருக்கும் ஏறிவிடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் இதே காரணம் சொல்லப்பட்டு அடைத்து வைக்கப்பட்டார்கள்.

அதே பிரிட்டன் 1916ல் நேர் எதிர்த் திசையில் திரும்பியது. ஓர் அரசுக் குழு மூன்றாண்டு ஆராய்ந்து பரிந்துரை கொடுத்த பிறகு, யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை, விவரம் வெளியே போகாது என்ற விதிகளோடு உள்ளாட்சி அமைப்புகள் சிகிச்சை மையங்களைத் திறந்தன. பிடித்து இழுத்து வந்தால் நோய் ஒளிந்துகொள்ளும், கதவைத் திறந்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஆட்கள் தாங்களே வருவார்கள் என்ற கணக்குதான். இன்று பல நாடுகளில் இருக்கும் ரகசியப் பாலியல் நல மையங்களுக்கு அந்த விதிகள் ஒரு முன்மாதிரி. பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்து உறுதிமொழியிலேயே 'சிகிச்சையின்போது கண்டதையும் கேட்டதையும் வெளியில் சொல்ல மாட்டேன்' என்ற கருத்து இருக்கிறது. ஆனாலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய அந்த வாக்கு, இந்த ஒரு நோய் வகைக்கு மட்டும் தனியாகச் சட்டமாக எழுதப்பட வேண்டியிருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது

சரி, கவுன்டரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வருவது கேள்விகள். சமீபத்தில் எத்தனை பேருடன் உறவு, ஆணா பெண்ணா, எந்த வகை உறவு, ஆணுறை உண்டா, முன்பு தொற்று வந்ததுண்டா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? வம்புக்கு இழுப்பது போல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. வாய்வழி உறவு இருந்திருந்தால் தொண்டையிலும் சாம்பிள் எடுக்க வேண்டும். அங்கே கொனோரியா இருந்தால் சிறுநீரில் தெரியாது. கர்ப்பம் என்றால் கிளமிடியாவுக்குக் கொடுக்கும் மருந்தே மாறும். எந்தக் கேள்விக்கும் "ஏன் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கலாம். காரணம் சொல்ல முடியாத கேள்வி என்றால் அது மருத்துவக் கேள்வி இல்லை. "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்பது இந்த ரகம். எந்தக் கிருமியும் தாலியைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, அந்தப் பதிலை வைத்து எந்தச் சாம்பிளை எடுப்பது என்று தீர்மானிக்கவும் முடியாது.

பரிசோதனை என்றதும் கால்களைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டுமோ என்ற பயம் பலருக்கு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. கிளமிடியா, கொனோரியா, ட்ரைக்கோமோனாஸ் மூன்றுக்கும் கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனைதான் இன்றைய அளவுகோல். அதற்கு ஸ்வாப் எனப்படும், பஞ்சு சுற்றிய ஒரு மெல்லிய குச்சி போதும். கழிப்பறைக்குள் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணே பிறப்புறுப்பிலிருந்து சாம்பிள் எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் எடுக்கும் சாம்பிளுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்று மறுபடி மறுபடி காட்டப்பட்டிருக்கிறது. சிறுநீரிலும் பார்க்கலாம். ஆனால் பெண்களுக்கு ஸ்வாப்பே ஒரு படி மேல். சிறுநீர்தான் என்றால் முதலில் வரும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும், அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்திருக்க வேண்டும். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கு ரத்தம்.

இன்னொரு பயத்தையும் வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். இந்தச் சோதனைகள் எதுவும் 'கன்னித்தன்மையை' கண்டுபிடிப்பதில்லை. கண்டுபிடிக்கவும் முடியாது. அப்படிச் செய்வதாகச் சொல்லப்படும் உடல் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை, அதை நிறுத்த வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2018ல் கூட்டாகவே அறிவித்துவிட்டன.

எது எதில் தெரியாது என்பதும் முக்கியம். வருடாந்திர உடல் பரிசோதனையில் ரத்தம் எடுத்தார்களே, அதிலேயே எல்லாம் பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறவர்கள் நிறைய. கேட்காவிட்டால் பார்ப்பதில்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிளமிடியா தெரியவும் தெரியாது. பாப் ஸ்மியரும் அப்படித்தான். ஜார்ஜ் பாப்பனிகொலாவ் 1920களில் உருவாக்கி, 1943ல் வெளியான நூலால் உலகெங்கும் பரவிய அந்தச் சோதனை, கருப்பை வாய்ச் செல்களின் உருமாற்றத்தை மட்டும் பார்க்கும். அந்த உருமாற்றத்துக்கு மூலகாரணமான எச்.பி.வி. வைரஸைத் தேடும் சோதனை வேறு. இப்போது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது அந்த வைரஸ் சோதனையைத்தான். பொதுவாக 30 வயதிலிருந்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25லிருந்து இன்னும் அடிக்கடி. இதற்கும் சாம்பிளைத் தானே எடுத்துக்கொள்ளலாம். 2022ல் மட்டும் கருப்பை வாய்ப் புற்றுநோயால் சுமார் மூன்றரை லட்சம் பெண்கள் இறந்திருக்கிறார்கள். தொற்றிலிருந்து புற்றுநோய்வரை போக வழக்கமாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டு அவகாசம் தரும் புற்றுநோய் அதிகம் இல்லை.

பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் வைரஸ் தொற்றான ஹெர்பீஸுக்கு, புண் இல்லாதபோது வெறும் ரத்தப் பரிசோதனை செய்வதை அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு போன்றவை பரிந்துரைப்பதில்லை. தவறான பாசிட்டிவ் அதிகம். 'எல்லாவற்றையும் பார்க்கும் பேக்கேஜ்' என்று விற்கப்படுவதில் இது சேர்ந்திருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம் நேரம். நேற்று நடந்த உறவுக்கு இன்று பரிசோதித்தால் வரும் நெகட்டிவ் நேற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கிளமிடியா, கொனோரியாவுக்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். எச்.ஐ.வி.க்கு, ரத்த நாளத்திலிருந்து எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை (வைரஸின் ஒரு பாகத்தையும் உடலின் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துப் பார்ப்பது) என்றால் 45 நாள். விரலில் குத்தியோ எச்சிலிலோ பார்க்கும் உடனடிச் சோதனை என்றால் 90 நாள்வரை. சிபிலிஸுக்கும் 90 நாள் கணக்கு. இதைத்தான் விண்டோ பீரியட் என்கிறார்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. ஆணுறை கிழிந்ததோ, வன்முறை நடந்ததோ, எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற நியாயமான பயம் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் "முதலில் யாரிடம் சொல்வது" என்று தயங்கும் ஒவ்வொரு மணியும் மருந்தின் பலனைக் குறைக்கிறது.

ரகசியம் கசியும் இடங்கள்

'ரகசியம்' என்றும் 'பெயர் இல்லாமல்' என்றும் விளம்பரங்களில் ஒரே பொருளில் போடுகிறார்கள். இரண்டும் வேறு. பெயர் இல்லாத சோதனையில் ஓர் எண் மட்டும்தான் கொடுப்பார்கள். நீங்கள் யார் என்று லேபுக்கே தெரியாது. எண்ணைத் தொலைத்தால் முடிவும் போயிற்று. சிகிச்சைக்கு அழைக்கவும் வழியில்லை. ரகசியச் சோதனையில் பெயர் இருக்கும், ஆனால் சிகிச்சையில் நேரடியாகப் பங்கில்லாதவருக்குப் போகாது. பெரும்பாலோருக்கு இரண்டாவதுதான் உகந்தது. எந்த வகை என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பல நாடுகளில் சிபிலிஸ், கொனோரியா, எச்.ஐ.வி. போன்றவை பாசிட்டிவ் என்றால் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. இதைக் கேட்டாலே பலர் பின்வாங்குகிறார்கள். அந்தத் தகவல் போவது நோய்ப் பரவலைக் கண்காணிக்கும் துறைக்கு. வேலை செய்யும் இடத்துக்கோ வீட்டுக்கோ அனுப்புவதற்கான தகவல் அல்ல அது.

நடைமுறையில் பெரிய கசிவுகள் சட்டத்தில் இல்லை, சின்னச் சின்னப் பழக்கங்களில்தான் இருக்கின்றன. காத்திருக்கும் அறையில் முழுப் பெயரைக் கூப்பிடுவது. சாம்பிள் டப்பாவில் நோயின் பெயரை எல்லோருக்கும் தெரியும்படி எழுதுவது. கூட வந்த கணவரிடமோ மாமியாரிடமோ ரிப்போர்ட்டை நீட்டுவது. அவர்கள் குடும்பம்தானே என்று ஊழியர் நினைக்கலாம், ஆனால் அந்த ரிப்போர்ட் அந்தப் பெண்ணுடையது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விவரத் தாள் பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. பெரும்பாலும் அது அப்பாவோ கணவரோ. வீட்டில் எல்லோரும் எடுக்கும் கைபேசிக்கு முடிவு குறுஞ்செய்தியாக வந்து திரையிலேயே நிற்கிறது.

வீட்டுக்கே வரும் சோதனைப் பெட்டிகள் கவுன்டரையே இல்லாமல் ஆக்கிவிடுகின்றன என்பது உண்மை. நல்ல லேபுக்குத் திருப்பி அனுப்பும் வகை என்றால் முடிவும் நம்பத் தகுந்ததுதான். ஆனால் கவுன்டரில் இருந்த ரகசியச் சிக்கல் இப்போது பார்சல் வாங்கும் கைக்கும், கட்டணம் கழியும் வங்கிக் கணக்குக்கும், பதிவு செய்யச் சொல்லும் செயலிக்கும் இடம் மாறியிருக்கிறது. டாக்டரைக் கட்டுப்படுத்தும் ரகசியச் சட்டம் எல்லாச் செயலிகளையும் கட்டுப்படுத்துவதில்லை.

இன்னொரு குறுக்கு வழி மருந்துக்கடை. வெள்ளைப்படுதல் என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்வது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், ரகசியம் பத்திரம். ஆனால் வெள்ளைப்படுதலுக்கு மிகச் சாதாரணமான காரணங்கள் உள்ளே வாழும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவதும், பூஞ்சையும்தான். இரண்டும் பாலியல் நோய் என்ற கணக்கில் வருவதில்லை. தேவையில்லாதவர் மாத்திரை சாப்பிடுகிறார், ஒன்றும் தெரியாமல் கிளமிடியாவோடு இருப்பவர் கடைக்கே போவதில்லை. கொனோரியாவோ மருந்துக்கு மருந்து எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்டே வந்து, பல நாடுகளில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்றையே நம்பும் நிலைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. குத்துமதிப்பாக மாத்திரை போட்டு அதை அடக்க முடியாது.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. குழந்தை பாதிக்கப்பட்டிருக்கிறது என்ற சந்தேகம், யாருடைய உயிருக்காவது உடனடி ஆபத்து, நீதிமன்ற உத்தரவு ஆகிய நிலைகளில் மருத்துவர் பேசியாக வேண்டியிருக்கலாம். பெற்றோருக்குத் தெரியாமல் எந்த வயதிலிருந்து பரிசோதிக்கலாம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. நல்ல மையம் இதை முதலிலேயே சொல்லிவிடும். "எல்லாமே ரகசியம்தான், கவலைப்படாதீங்க" என்று மட்டும் சொல்லும் இடத்தைவிட, "இந்த இந்த நிலைகளில் சொல்ல வேண்டி வரும்" என்று முன்கூட்டியே விளக்கும் இடத்தைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

தாளில் இல்லாததைப் படிப்பவர்கள்

பாசிட்டிவ் என்று எழுதிய தாளை வீட்டில் யாராவது பார்த்தால் முதலில் எழும் கேள்வி, "யாரிடமிருந்து?" அடுத்தது, "எப்போது?" இந்த இரண்டுக்கும் அந்தத் தாளில் பதில் கிடையாது. இந்த ஓர் உண்மை பரவலாகத் தெரிந்திருந்தாலே பாதிக் குடும்பச் சண்டைகள் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றும்.

கிளமிடியா சிகிச்சை இல்லாமல் ஓராண்டுக்கு மேலும் உடலில் இருக்கக் கூடியது. ட்ரைக்கோமோனாஸ் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் தங்கும். எச்.பி.வி. பெரும்பாலும் இரண்டாண்டுக்குள் தானே மறைந்துவிடும். ஆனால் சிலருக்குச் சோதனையில் அகப்படாமல் பதுங்கியிருந்து பல ஆண்டுகள் கழித்து மறுபடி தலைகாட்டும். பத்தாண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு மனைவிக்கு எச்.பி.வி. பாசிட்டிவ் வந்தால், அதை வைத்து யாரும் யாரையும் குற்றம் சாட்ட முடியாது. இருவரில் முதலில் பரிசோதித்துக்கொண்டவருக்கு முதலில் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் நடப்பது என்ன? கர்ப்ப காலத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைகள் வழக்கமாகவே செய்யப்படுகின்றன. குழந்தைக்கு நோய் போவதைத் தடுக்க அது அவசியம். தாயின் சிபிலிஸை உரிய காலத்தில் பென்சிலின் ஊசியால் குணப்படுத்தினால் குழந்தை தப்பிவிடும். அதன் பக்கவிளைவாக, குடும்பத்தில் முதலில் பரிசோதிக்கப்படுபவள் பெண்ணாக இருக்கிறாள். முதலில் தெரிந்தவள் முதலில் கொண்டுவந்தவள் ஆக்கப்படுகிறாள்.

பாசிட்டிவ் என்பதே சில சமயம் உண்மை இல்லாமலும் போகலாம். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் பெண்கள், அவர்களில் பத்துப் பேருக்கு மட்டும் தொற்று. சோதனை மிக நல்ல சோதனை, தொற்று உள்ள பத்துப் பேரையும் பிடித்துவிடும், இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு ஐந்து பேரை மட்டும் தவறாகக் காட்டும். மீதி 9,990 பேரில் சுமார் ஐம்பது பேர் தவறாக மாட்டிக்கொள்வார்கள். மொத்தம் அறுபது பாசிட்டிவ், அதில் நிஜம் பத்து. இதனால்தான் எச்.ஐ.வி. என்று உறுதிசெய்ய ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு சொல்வதில்லை. அடுத்தடுத்து மூன்று சோதனைகள் பாசிட்டிவ் வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் பரிந்துரைத்தது. சிபிலிஸுக்குச் செய்யும் விடிஆர்எல் சோதனை, கர்ப்பத்தாலும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களாலும்கூடப் பாசிட்டிவ் காட்டலாம். அதற்கு நேர்மாறாக, சிபிலிஸ் கிருமிக்கான இன்னொரு வகைச் சோதனை, நோய் முழுதாகக் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள்முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். பழைய சிகிச்சை விவரம் கையில் இல்லாவிட்டால் முடிந்துபோன நோய்க்கு மறுபடி விசாரணை நடக்கும். முதல் தாளை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் சொல்லிவிடாமல் இருப்பது இதனாலும்தான் நல்லது.

உறுதியான பிறகு துணைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சிகிச்சை முடிந்த மறுவாரமேகூட அதே தொற்று திரும்பி வரலாம். கிளமிடியாவுக்கு மருந்து சாப்பிடும்போது இருவருமே ஏழு நாள் உறவைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்வதும் இதற்காகத்தான். ஆனால் "நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்" என்று எல்லாப் பெண்களிடமும் சொல்லிவிட முடியாது. சொன்ன அன்றைக்கே அடி விழும் வீடுகள் உண்டு. அனுபவமுள்ள கவுன்சலர் முதலில் கேட்பது "வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா?" என்றுதான். அதுவும் தனியாக, கூட வந்தவரை வெளியே உட்கார வைத்துவிட்டு. பல நாடுகளில் மையமே துணைக்குச் செய்தி அனுப்பும். 'உங்களுக்கு இந்தத் தொற்று இருக்க வாய்ப்புண்டு, வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் அதில் இருக்கும். யார் பெயரும் இருக்காது. ஒரே துணை உள்ளவருக்கு இது எவ்வளவு தூரம் மறைவாக இருக்கும் என்பது வேறு கேள்வி. அந்த நிலையில் கவுன்சலர் முன்னிலையில் இருவரும் சேர்ந்து பேசுவதோ, முதலில் பெண்ணின் பாதுகாப்புக்கு வழி செய்வதோ நடக்க வேண்டும்.

கிளமிடியா, கொனோரியா, ட்ரைக்கோமோனாஸ் மூன்றுக்கும் சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் மறுபடி ஒரு சோதனை செய்யச் சொல்கிறார்கள். மருந்து வேலை செய்யாமல் போயிருக்கும் என்பதைவிட, தொற்று புதிதாகத் திரும்பியிருக்கும் வாய்ப்பே அதிகம் என்பதால். முதல் தடவை கவுன்டரில் குரலைத் தாழ்த்தி, "இந்தத் தாளில் டிக் பண்ணிக் கொடுங்க, போதும்" என்று ஒரு சின்னப் படிவத்தை நகர்த்தி வைத்திருந்தால், மூன்று மாதம் கழித்து அதே பெண் அதே கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்பாள்.